எழுத்துத் திருட்டில் சிக்கிய ஜாம்பவான்கள்... தெரியுமா உங்களுக்கு?

சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவி. வயது 19-தான்! முதல் நாவல் வெளிவருமுன்பே அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று இரண்டு புத்தகங்களுக்குச் சுமார் 5 லட்சம் டாலர் பேசி ஒப்பந்தம் போட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. திரைப்பட உரிமையை வாங்கியது யார் தெரியுமா? ஸ்பீல்பெர்க்கின் ட்ரீம்வொர்க்ஸ்!

அந்த இளம் எழுத்தாளர் காவ்யா விஸ்வநாதன். அவருடைய நாவல் 2006 ஏப்ரலில் கடைகளுக்கு வந்தது. ஏப்ரல் 23-ஆம் தேதி குண்டு வெடித்தது. வெடி வைத்தது உலகப் புகழ்பெற்ற நாளேடு எதுவும் இல்லை. அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் நடத்தும் ‘ஹார்வர்டு கிரிம்சன்’ பத்திரிகை! மேகன் மெக்காஃபெர்ட்டி என்ற எழுத்தாளரின் இரண்டு நாவல்களையும் காவ்யாவின் நாவலையும் அருகருகே வைத்து, பத்தி பத்தியாக ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்கள்.

ஒரே ஓர் இடத்தைப் பாருங்கள். மெக்காஃபெர்ட்டியின் நாவலில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பெரிய அங்காடிகள் 4, சிறு கடைகள் 170 என்று கணக்கு வருகிறது. காவ்யாவின் நாவலிலும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பெரிய அங்காடிகள் 4 என்பது 5 ஆகிவிட்டது. சிறு கடைகள்? அதே 170!

இப்படி 40-க்கும் மேற்பட்ட இடங்கள் என்றது மெக்காஃபெர்ட்டியின் பதிப்பகம். பள்ளி நாட்களில் அந்த நாவல்களைத் திரும்பத் திரும்பப் படித்ததால் தன்னை அறியாமலே மனத்தில் பதிந்துவிட்டன என்று காவ்யா மன்னிப்புக் கேட்டார். செய்தி வந்த நான்காம் நாளே புத்தகம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது! அடுத்த வாரம் இரண்டாவது புத்தகத்துக்கான ஒப்பந்தமும் ரத்து!

இவ்வளவு வேகமாக எல்லா எழுத்தாளர்களுக்கும் தீர்ப்பு வந்துவிடுகிறதா என்ன? பெயர் பெரிதாக ஆக ஆக, கணக்குக் கேட்பது எவ்வளவு கஷ்டமாகிறது என்று பாருங்கள்!

கண்டுபிடித்தது யார் தெரியுமா?

போலீஸ் இல்லை, விமர்சகர் இல்லை, பேராசிரியர் இல்லை. பெரும்பாலும் சாதாரண வாசகர்தான்!

ஜானட் டெய்லி என்ற அமெரிக்கக் காதல்கதை எழுத்தாளர் எப்படிப்பட்டவர் தெரியுமா? அமெரிக்காவில் 50 மாநிலங்கள். மாநிலத்துக்கு ஒரு நாவல் என்று ஐம்பதையும் எழுதி முடித்தவர்! கோடிக்கணக்கில் புத்தகம் விற்றவர்! 1997-இல் ஒரு வாசகர் இவருடைய நாவலையும் நோரா ராபர்ட்ஸின் நாவலையும் அடுத்தடுத்துப் படித்தார். ‘அட, இதை இப்போதுதானே படித்தோம்!’ அவ்வளவுதான், கதை முடிந்தது. டெய்லி ஒப்புக்கொண்டார். புத்தகங்கள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. வழக்கு சமரசத்தில் முடிந்தது. நோரா ராபர்ட்ஸ் அந்த இழப்பீட்டுப் பணத்தை என்ன செய்தார் தெரியுமா? எழுத்தறிவு இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்!

இன்னொன்று கேளுங்கள். 1956-இல் எலிசபெத் கௌட்ஜ் என்ற ஆங்கில எழுத்தாளர் ‘தி ரோஸ்மேரி ட்ரீ’ என்று ஒரு நாவல் எழுதினார். கதையில் வலு இல்லை, உணர்ச்சி அதிகம் என்று நியூயார்க் டைம்ஸ் குறை சொன்னது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஒரு நாவல் போனது. இந்திராணி அய்க்காத் கியால்ட்சென் எழுதிய ‘கிரேன்ஸ் மார்னிங்’. அதே நியூயார்க் டைம்ஸ் அதைப் பாராட்டியது! இரண்டும் ஒரே கதை! ஆங்கிலக் கிராமம் இந்தியக் கிராமமாகியிருந்தது. கிறிஸ்தவர்கள் இந்துக்களாகியிருந்தார்கள். பெயர்கள் மாறியிருந்தன. பல இடங்களில் வாக்கியங்கள் மட்டும் அச்சு அசலாக அப்படியே! விமர்சகர்கள் கோட்டைவிட்டார்கள், கௌட்ஜை நேசித்துப் படித்த வாசகர் பிடித்துவிட்டார்.

13 கோடிப் பேர் பார்த்த கதை!

1977 ஜனவரி. தொடர்ந்து எட்டு இரவுகள். அமெரிக்காவே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. சுமார் 13 கோடிப் பேர்! அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவலின் தொடர் அது. ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட குன்ட்டா கின்ட்டே என்ற இளைஞனையும் அவன் வழிவந்த ஏழு தலைமுறையையும் சொல்லும் கதை. அதே ஆண்டு புலிட்சர் சிறப்பு விருதும் கிடைத்தது.

ஆனால் பத்து ஆண்டுக்கு முன்பே, 1967-இல், ‘தி ஆஃப்ரிக்கன்’ என்றொரு நாவல் வந்திருந்தது தெரியுமா? எழுதியவர் ஹெரால்டு கூர்லாண்டர். அதுவும் ஆப்பிரிக்காவில் பிடிபட்டுக் கப்பலேற்றப்பட்ட ஓர் இளைஞனின் கதைதான். தன் நாவலிலிருந்து எண்பது இடங்களுக்கு மேல் எடுத்தாளப்பட்டதாக அவர் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார். ஐந்து வாரம் விசாரணை! ‘அந்தப் புத்தகத்தை நான் படித்ததே இல்லை’ என்றார் ஹேலி. கடைசியில் தீர்ப்பு வருமுன்பே சமரசம். கூர்லாண்டரின் நாவலிலிருந்து சில பகுதிகள் ‘ரூட்ஸ்’ நாவலுக்குள் வந்துவிட்டதை ஒப்புக்கொண்டு, வருத்தமும் தெரிவித்தார் ஹேலி. கொடுத்த தொகை எவ்வளவு தெரியுமா? 6,50,000 டாலர்! 1978-இல்!

திகைப்பு இன்னும் முடியவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு கல்லூரி ஆசிரியர் முன்வந்து சொன்னார்: ‘அந்தப் புத்தகத்தைப் பற்றி ஹேலியிடம் பேசியதே நான்தான். என் பிரதியையே கையில் கொடுத்தேன்!’

இன்று ‘ரூட்ஸ்’ பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. கூர்லாண்டரின் பெயர்? கேட்டுப் பாருங்கள் நான்கு பேரிடம்!

கறையான் புற்றெடுக்க, பாம்பு குடிபுகுந்ததாம்!

இந்தப் பழமொழி நிஜமாகவே நடந்தது தெரியுமா? அதுவும் கறையான் விஷயத்திலேயே!

யூஜின் மாரே. தென்னாப்பிரிக்கர். கவிஞர், வழக்கறிஞர், பத்திரிகையாளர். ஆண்டுக்கணக்கில் கறையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர். அவர் கண்டுசொன்னது என்ன தெரியுமா? புற்று என்பது லட்சக்கணக்கான பூச்சிகளின் கூட்டம் அல்ல. அதுவே ஒற்றை உயிர்! ராணிதான் மூளை, மற்ற கறையான்கள் அந்த உடம்பில் ஓடும் ரத்த அணுக்கள்! இதையெல்லாம் 1920-களில் ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பத்திரிகைகளில் கட்டுரைகளாக எழுதினார். தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே அந்த மொழியைப் படிக்க ஆள் ஏது?

ஒருவர் இருந்தார்! மோரிஸ் மேட்டர்லிங்க். பெல்ஜியக்காரர். 1911-இல் இலக்கிய நோபல் வாங்கியவர். அவர் பிறந்த கென்ட் நகரம் டச்சு மொழி புழங்கும் ஊர்; டச்சு தெரிந்தால் ஆஃப்ரிகான்ஸைப் படித்துவிடலாம். 1926-இல் மேட்டர்லிங்க் பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பு? ‘கறையான்களின் வாழ்க்கை’! புற்றே ஓர் உயிர் என்ற அதே எண்ணம் அதிலே! உலகமே கொண்டாடியது. மாரேவின் பெயர் எங்கே? காணவில்லை!

மாரே கொதித்தார். வழக்குப் போட நினைத்தார். ஆனால் பிரிட்டோரியாவில் இருந்துகொண்டு ஐரோப்பாவில் வழக்கு நடத்தப் பணம் வேண்டுமே! கைவிட்டுவிட்டார். 1936-இல் இறந்தும் போனார். அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது அடுத்த ஆண்டுதான்! 1961-இல் ராபர்ட் ஆர்ட்ரி என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘ஆஃப்ரிக்கன் ஜெனிசிஸ்’ என்ற புகழ்பெற்ற நூலை மாரேவின் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்தார். அதன் பிறகுதான் வெளியுலகில் பலருக்கு இந்த அநியாயமே தெரிந்தது. ஒரு நோபல் பரிசாளரை எதிர்த்து நிற்க ஓர் ஏழைப் பத்திரிகையாளரால் முடியவில்லை என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தாகூர் வரிகள்... சிலி நாட்டில்!

பாப்லோ நெரூதா. உலகக் காதலர்கள் எல்லாம் கொண்டாடும் கவிஞர். 1924-இல் அவருடைய இருபது காதல் கவிதைகள் தொகுப்பு வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை! அந்தத் தொகுப்பின் 16-ஆம் கவிதை யாருடையதைத் தழுவியது தெரியுமா? நம் ரவீந்திரநாத் தாகூருடையது! தாகூரின் ‘தி கார்டனர்’ தொகுப்பில் 30-ஆம் கவிதை. மூலம் ஒரு வங்காளப் பாடல். கொல்கத்தா எங்கே, சிலி எங்கே!

பத்து ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. 1934-இல் ஒரு சிறுபத்திரிகையில் இரண்டு கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டிவிட்டார் ஓர் இளைஞர். பெயர் வோலோதியா டெய்டெல்பாய்ம். வயது 18! சிலித் தலைநகர் சான்டியாகோவின் இலக்கிய வட்டாரமே அல்லோலகல்லோலப்பட்டது. பின்வந்த பதிப்புகளில், இது தாகூரைத் தழுவியது என்ற குறிப்பைச் சேர்த்தார் நெரூதா.

சரி, அந்த 18 வயது இளைஞர் என்ன ஆனார்? நெரூதாவின் நெருங்கிய தோழர் ஆனார்! கடைசியில் நெரூதாவின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார்! பகை வளரவில்லை, உண்மையும் மறைக்கப்படவில்லை. தாகூருக்கு 1913-இல் நோபல். நெரூதாவுக்கு 1971-இல் நோபல். இரண்டு நோபல்களுக்கு நடுவே ஒரு சின்னக் குறிப்பு!

திருட்டைத் திட்டிய பத்தியே திருட்டு!

நம்ப முடிகிறதா? 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் ஸ்டெர்ன் தன் ‘டிரிஸ்ட்ரம் ஷேண்டி’ நாவலில், பிறர் எழுத்தை எடுத்துப் புதிதாகக் காட்டுகிறவர்களை விளாசுகிறார். அந்த விளாசலை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? நூறு ஆண்டுக்கும் முந்தைய ராபர்ட் பர்ட்டனின் நூலிலிருந்து! வேண்டுமென்றே செய்த விளையாட்டா, அப்பட்டமான காப்பியா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. ஸ்டெர்ன் இறந்து முப்பது ஆண்டு ஆகும்போது, மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் ஃபெரியர் என்ற மருத்துவர் இந்த மூலங்களையெல்லாம் தேடிப்பிடித்து ஒரு புத்தகமே போட்டார்!

எட்கர் ஆலன் போ? லாங்ஃபெல்லோ என்ற பெரும் கவிஞரைத் திருடன் திருடன் என்று 1845-இல் ஊரைக் கூட்டியவர். அதற்கு ஆறு ஆண்டு முன்னால் அவரே என்ன செய்திருந்தார் தெரியுமா? சிப்பிகளைப் பற்றிய பாடப்புத்தகம் ஒன்றுக்கு 50 டாலர் வாங்கிக்கொண்டு தன் பெயரைக் கொடுத்திருந்தார்! அதிலே பெரும்பகுதி வேறு நூல்களிலிருந்து எடுத்தது. திகில் கதை மன்னனின் வாழ்நாளில் இரண்டாம் பதிப்பு கண்ட ஒரே புத்தகம் எது? அந்தச் சிப்பிப் புத்தகம்தான்!

பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் இதையும் தாண்டினார். அவருடைய முதல் புத்தகம் இசைமேதை ஹைடனைப் பற்றியது. போம்பே என்ற புனைபெயரில் வந்தது. உண்மையில் எழுதியவர் கார்ப்பானி என்ற இத்தாலியர். கார்ப்பானி விடுவாரா? ஹைடனின் நண்பர்களிடம் போய், போம்பே என்று யாரையும் எங்களுக்குத் தெரியாது என்று எழுதி வாங்கினார். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மோட்சார்ட்டோடு சேர்த்து நாம் கேள்விப்படும் அதே இசையமைப்பாளர் சாலியேரி! ஸ்டெந்தால் அசரவில்லை. இல்லாத போம்பேவுக்கு இல்லாத ஒரு தம்பியை உண்டாக்கி, அந்தத் தம்பி பெயரில் பத்திரிகைக்குப் பதில் கடிதம் போட்டார்!

11 வயதுச் சிறுமிக்கு விசாரணைக் குழு!

எல்லா வழக்கிலும் குற்றம் சாட்டுகிறவர் பக்கமே நியாயம் இருக்குமா? இருக்காது! இதைப் படித்தால் மனம் பதறும்.

கண் தெரியாது, காது கேளாது. வயது 11. உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டும் எழுத்துகள்தான் அந்தச் சிறுமியின் உலகம். 1891-இல் அவள் ஒரு கதை எழுதினாள். உறைபனி அரசனைப் பற்றிய கதை. பாஸ்டன் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் தலைவர் மைக்கேல் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அவர் பூரித்துப்போய் அச்சிட்டார். சிறுமியின் பெயர்? ஹெலன் கெல்லர்!

கொஞ்ச நாளில் புகார் வந்தது. மார்கரெட் கான்பி என்பவர் முன்பே எழுதிய கதை இது! ஹெலனுக்கோ அப்படி ஒரு கதையைக் கேட்ட நினைவே இல்லை. பள்ளி என்ன செய்தது தெரியுமா? எட்டுப் பேர் கொண்ட குழு போட்டது! அவர்களில் நான்கு பேர் பார்வையற்றவர்கள். ஆசிரியை ஆன் சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டு, குழந்தையைத் தனியே உட்காரவைத்துச் சுமார் இரண்டு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி! முடிவில் நான்குக்கு நான்கு. அனாக்னோஸின் வாக்கால் அவள் தப்பினாள்.

பிறகுதான் தெரிந்தது: 1888-இல், மொழியே சரியாகப் பிடிபடாத வயதில், ஒரு விடுமுறைக்குப் போன வீட்டில் யாரோ அந்தக் கதையை அவள் கையில் எழுத்துக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டது மறந்துபோய், கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது! மூலக்கதையை எழுதிய கான்பி கோபப்பட்டாரா? இல்லவே இல்லை. இப்படி ஒரு ஞாபகசக்தியா என்று வியந்து அன்போடு எழுதினார். 1903-இல் இதையெல்லாம் ஹெலனின் சுயசரிதையில் படித்த மார்க் ட்வெய்ன் கொதித்துப்போய் ஹெலனுக்குக் கடிதம் போட்டார். அந்த எட்டுப் பேரையும் கிழிகிழி என்று கிழித்துவிட்டார்!

அதன் பிறகு ஹெலன் கெல்லர் கதை எழுதவே பயந்தார். எழுதுகிற ஒவ்வொரு வரியும் தன்னுடையதுதானா என்ற பயம் பல காலம் அவரை விடவில்லை.

ஞாபகம் செய்யும் மாயம் இன்னும் உண்டு. தத்துவஞானி நீட்ஷேயின் ‘ஜரதுஷ்டிரா’ நூலில் கப்பல் மாலுமிகள் வரும் ஒரு பகுதி, யுஸ்டினஸ் கெர்னர் என்பவர் பதிப்பித்த பழைய பதிவு ஒன்றோடு அப்படியே ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? உளவியல் மேதை கார்ல் யுங்! நீட்ஷேயின் தங்கைக்கே எழுதிக் கேட்டார். ஆமாம், சிறுவயதில் தாத்தா வீட்டில் அந்தப் புத்தகத்தை அண்ணன் படித்திருக்கிறார் என்று பதில் வந்தது!

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இன்னும் ஒருபடி மேல். யாரும் கேட்காமலேயே 1894-இல் வெளியான ஒரு கட்டுரையில் தானே ஒப்புக்கொண்டார்: ‘ட்ரஷர் ஐலண்ட்’ நாவலின் தொடக்கம், பில்லி போன்ஸ் என்ற பாத்திரம், அவனுடைய பெட்டி எல்லாமே வாஷிங்டன் இர்விங்கிடமிருந்து தெரியாமலே வந்துவிட்டவை என்று! இவரைப்போல இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் எத்தனை வழக்கு மிச்சமாகியிருக்கும்!

தீர்ப்புக்குள் ரகசியக் குறியீடு!

இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும்! டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ தங்கள் ஆய்வு நூலின் மையக் கருத்தையே எடுத்துக்கொண்டது என்று மைக்கேல் பேஜென்ட், ரிச்சர்டு லீ இருவரும் லண்டனில் வழக்குப் போட்டார்கள். யார் மேல்? ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் மேல். அது அவர்களுடைய புத்தகத்தையும் வெளியிடும் அதே பதிப்பகம்! டான் பிரவுன் நாவலில் வரும் லீ டீபிங் என்ற பாத்திரத்தின் பெயரைப் பாருங்கள். ஒருவருடைய பெயர் லீ. மற்றவருடைய பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் டீபிங்!

2006 ஏப்ரல் 7. நீதிபதி பீட்டர் ஸ்மித் 71 பக்கத் தீர்ப்பு தந்தார். வரலாறு குறித்த பொதுவான கருத்துகளுக்கு யாரும் இப்படி உரிமை கொண்டாட முடியாது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். வழக்குப் போட்டவர்கள் தலையில் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு!

சில நாள் கழித்து ஒரு வழக்கறிஞர் தீர்ப்பை உற்றுப் பார்த்தார். அங்கங்கே சில எழுத்துகள் மட்டும் சாய்வாக அச்சாகியிருக்கின்றனவே? அச்சுப் பிழையா? இல்லை! நீதிபதியே ஒளித்துவைத்த ரகசியச் செய்தி! முதலில் வந்த எழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்மித்தியின் குறியீடு’ என்று வந்தது. மீதியை அவிழ்க்க ஃபிபொனாச்சி எண்வரிசை வேண்டியிருந்தது. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? நீதிபதி வியந்து போற்றிய கடற்படைத் தளபதி ஜாக்கி ஃபிஷரின் பெயரும், 1906-இல் அவர் காலத்தில் கடலில் இறங்கிய ‘டிரெட்நாட்’ போர்க்கப்பலின் பெயரும்!

பொய்ப் புகாருக்கும் தண்டனை உண்டா?

உண்டு! ஹாரி பாட்டர் என்னுடைய கற்பனை என்று ஜே.கே. ரௌலிங்குக்கு எதிராகப் போராடினார் நான்சி ஸ்டௌஃபர். அவர் தாக்கல் செய்த ஆதாரங்களே பின்னால் திருத்தப்பட்டவை என்று அமெரிக்க நீதிமன்றம் கண்டுபிடித்தது. 2002-இல் அவருக்கு விழுந்த அபராதம் 50,000 டாலர்!

ரஷ்யாவின் மிகைல் ஷோலகோவ் மட்டும் பாவம். டான் நதிக்கரை மக்களைப் பற்றிய பெருநாவலின் முதல் பகுதி 1928-இல் வந்தபோது அவருடைய வயது இருபத்து மூன்றைத்தான் நெருங்கியிருந்தது. இவ்வளவு சின்னப் பையன் இப்படி எழுத முடியுமா என்று கிளம்பிய சந்தேகம், 1965-இல் நோபல் வாங்கிய பிறகும் ஓயவில்லை. இன்னொரு நோபல் எழுத்தாளர் சோல்செனிட்சினே சந்தேகப்பட்டார்! நார்வே அறிஞர் கெய்ர் ஷெட்சோ குழுவினர் கணினியை வைத்து வாக்கிய நீளம்வரை அளந்து, 1984-இல் இது ஷோலகோவ் நடைதான் என்றார்கள். 1999-இல் கையெழுத்துப் பிரதியே கிடைத்தது! ஷோலகோவ் இறந்து அப்போது 15 ஆண்டு.

புதுச்சேரிப் பையன் ஒருவன் புலியோடு படகில் மிதந்த ‘லைஃப் ஆஃப் பை’ நினைவிருக்கிறதா? 2002-இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். அதற்கு 21 ஆண்டு முன்பே பிரேசில் எழுத்தாளர் மோசிர் ஸ்க்ளியார், ஜாகுவாரோடு படகில் மிதக்கும் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார் தெரியுமா? யான் மார்ட்டெல் தன் நாவலின் முன்னுரையிலேயே ஸ்க்ளியாருக்கு நன்றி சொல்லியிருந்தார். வழக்குப் போடலாமா என்று யோசித்த ஸ்க்ளியார், மார்ட்டெலோடு பேசிய பிறகு விட்டுவிட்டார். அச்சிலேயே இருந்த அந்த நன்றி எவ்வளவு உதவியது பாருங்கள்!

அபராதம், ராயல்டி, திராட்சைத் தோட்டம்!

பெரு நாட்டில் எழுத்தாளருக்கு அரசே அபராதம் போட்டது தெரியுமா? அந்நாட்டின் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆல்ஃபிரெடோ பிரைஸ் எச்செனிக்கே. பதினைந்து பேர் எழுதிய பதினாறு பத்திரிகைக் கட்டுரைகளைத் தன் பெயரில் வெளியிட்டார் என்று 2009-இல் அரசு நிறுவனமான இண்டெகோபி 1,77,500 சோல் அபராதம் விதித்தது! மூன்று ஆண்டு கழித்து மெக்சிகோவின் குவாதலஹாரா புத்தகத் திருவிழாப் பரிசு அவருக்கே அறிவிக்கப்பட்டது. பரிசுத்தொகை 1,50,000 டாலர். எழுத்தாளர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். திருவிழா மேடைக்கு அவரை அழைக்காமல், லிமாவில் இருந்த அவர் வீட்டுக்கே போய்ப் பரிசைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்!

அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் லண்டனிடம் ஃபிராங்க் ஹாரிஸ் என்ற எழுத்தாளர் கேட்ட கணக்கு இன்னும் வேடிக்கை. ‘தி அயர்ன் ஹீல்’ நாவலில் என் கட்டுரை வந்திருக்கிறது, மொத்தப் புத்தகத்தில் அது அறுபதில் ஒரு பங்கு, ஆகவே ராயல்டியிலும் அறுபதில் ஒரு பங்கு கொடு என்றார்! இதே ஜாக் லண்டன், கதைக் கருக்களை ஓர் ஏழை இளைஞரிடம் காசு கொடுத்தே வாங்கியதும் உண்டு. விற்றவர் யார் தெரியுமா? சின்க்ளேர் லூயிஸ்! பின்னாளில் இலக்கிய நோபல் வாங்கிய முதல் அமெரிக்கர்!

ஜெர்மன் நாடகமேதை பிரெக்ட்டின் ‘த்ரீபென்னி ஆப்ரா’ 1928-இல் சக்கைப்போடு போட்டது. அதன் பாடல்களில் பல வரிகள், அம்மர் என்ற புனைபெயரில் ஒருவர் மொழிபெயர்த்த பழைய பிரெஞ்சுக் கவிதைகள் என்று விமர்சகர் ஆல்ஃபிரெட் கெர் அம்பலப்படுத்தினார். அம்மருக்கு ராயல்டியில் பங்கு கிடைத்தது. அந்தப் பணத்தில் அவர் வியன்னாவின் கிரின்சிங் பகுதியில் ஒரு திராட்சைத் தோட்டமே வாங்கி, அதில் வந்த வைனுக்கு நாடகத்தின் பெயரை ஒட்டியே பெயர் வைத்துவிட்டார்!

எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்குமா? கனடாவின் ஃபுளோரன்ஸ் டீக்ஸ், தன் உலக வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியை ஹெச்.ஜி. வெல்ஸ் பயன்படுத்திக்கொண்டார் என்று 5 லட்சம் டாலர் கேட்டு 1925-இல் வழக்குப் போட்டார். டொரன்டோவில் தோல்வி. மேல்முறையீட்டில் தோல்வி. அசரவில்லை! கப்பலேறி லண்டன் போய், 1932-இல் பிரிவி கவுன்சில் என்ற உச்ச மேல்முறையீட்டு மன்றத்தின் முன்னால் வக்கீல் இல்லாமல் தானே நின்று வாதாடினார். அங்கும் தோல்விதான்.

பட்டம் போகவில்லை, கடிதம் சேர்ந்தது!

மார்ட்டின் லூதர் கிங்கின் 1955-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் பிறர் எழுத்து இருந்தது தெரியுமா? அவருடைய எழுத்துகளைத் தொகுக்கப் புறப்பட்ட அன்பர்களே அதைக் கண்டுபிடித்தார்கள். மறைக்கவில்லை! 1991-இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு அதை உறுதிசெய்தது. பட்டத்தைப் பறிக்க வேண்டாம், நூலகப் பிரதியோடு இதைக் குறிப்பிடும் ஒரு கடிதத்தை இணைத்துவிடலாம் என்று முடிவானது. அவருடைய போராட்டத்தின் பெருமை இதனால் இம்மியும் குறையவில்லை.

வரலாற்றாசிரியர் டோரிஸ் கெர்ன்ஸ் குட்வின் விஷயம்? கென்னடி குடும்ப வரலாற்றை 1987-இல் எழுதினார். லின் மெக்டாகர்ட்டின் நூலிலிருந்து பத்திகள் வந்துவிட்டன. ரகசியமாகப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். 15 ஆண்டு ஒருவருக்கும் தெரியாது! 2002-இல் வெளியானபோது புலிட்சர் பரிசுக் குழுவிலிருந்தே அவர் விலகினார். மீதமிருந்த பிரதிகளை அழிக்கச் சொன்னார்.

2011-இல் வந்த ‘அசாசின் ஆஃப் சீக்ரெட்ஸ்’ என்ற உளவு நாவலின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? வெறும் ஐந்து நாள்! பல உளவு நாவல்களிலிருந்து வெட்டி ஒட்டியது என்று தெரிந்ததும் 6,500 பிரதிகளையும் திரும்பப் பெற்றது பதிப்பகம்!

மன்னிப்புக் கேட்க 14 ஆண்டு!

கடைசியாக, சீனாவுக்கு வாருங்கள். குவோ ஜிங்மிங். இளைஞர்களின் கனவு நாயகன். சீனாவில் மிக அதிகம் சம்பாதித்த எழுத்தாளர்களில் ஒருவர். 2003-இல் அவருடைய நாவல் லட்சக்கணக்கில் விற்றது. சுவாங் யூ என்ற பெண் எழுத்தாளர், இது என் நாவல் என்று நீதிமன்றம் போனார். 2006-இல் பெய்ஜிங் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 2 லட்சம் யுவான் இழப்பீடு, மன உளைச்சலுக்கு 10 ஆயிரம் யுவான், கூடவே பகிரங்க மன்னிப்பு! குவோ என்ன செய்தார் தெரியுமா? பணத்தைக் கட்டினார். மன்னிப்பு? கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார்!

ரசிகர் கூட்டம் குறைந்ததா? இல்லை! புத்தகம் விற்றது. சினிமா இயக்குநரும் ஆனார். தொலைக்காட்சிப் போட்டிகளில் நடுவராகக்கூட உட்கார்ந்தார்! இப்படியே ஆண்டுகள் ஓடின. 2020 டிசம்பர் 21-ஆம் தேதி, சினிமா, தொலைக்காட்சித் துறையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது. திருடி எழுதியவர்களை இனியும் மேடையேற்றாதீர்கள் என்றது கடிதம். பத்தே நாள்! டிசம்பர் 31-ஆம் தேதி குவோ மன்னிப்புக் கேட்டார். அந்த நாவலில் கிடைத்த வருமானத்தை சுவாங் யூவுக்கே தருவதாகவும் அறிவித்தார். அதே நாளில், சியுங் யாவ் என்ற மூத்த எழுத்தாளரிடம் 50 லட்சம் யுவான் வழக்கில் தோற்றிருந்த யூ செங் என்ற திரைக்கதையாசிரியரும் மன்னிப்புக் கேட்டுவிட்டார்!

சுவாங் யூ அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். பணத்தை என்ன செய்யலாம் என்று சொன்னார் தெரியுமா? குவோவின் புத்தகத்தில் வந்த பணம், தன் புத்தகத்தில் வந்த பணம் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, எழுத்துத் திருட்டை எதிர்த்துப் போராடுகிற எழுத்தாளர்களுக்காக ஒரு நிதி தொடங்கலாம் என்றார்!